கொடியேற்றி மிட்டாய் கொடுப்பதோடு தெருவின் வேலை முடிந்துவிடவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் அல்சூர், மர்பி டவுன், ஜோகுபாளையா, காக்ஸ் டவுன், ஸ்ரீராமபுரம் என்று தமிழர்கள் நிறைந்த பெங்களூரு தெருக்களில் காலையில் நாற்காலி போடுகிறோம், கொடி ஏற்றுகிறோம், மிட்டாய் கொடுத்துக் கலைந்துவிடுகிறோம். நவம்பர் 1 அன்று கன்னட ராஜ்யோத்சவத்துக்கு மஞ்சள் சிவப்புக் கொடியும் மாலையில் ஆர்கெஸ்ட்ராவும். ஆண்டின் பொதுநாட்கள் நம் தெருக்களுக்கு இவ்வளவுதான். டிசம்பர் 7 படைவீரர் கொடி நாளும், ஜனவரி 30 தியாகிகள் நாளும் அரசு அலுவலக வாசலோடு நின்றுவிடுகின்றன. இந்த இரண்டு நாட்களையும் தெரு மக்கள் தங்கள் நாட்களாக எடுத்து நடத்த வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். அதை எப்படி நடத்துவது என்பதற்கு இங்கிலாந்தின் சிற்றூர்களில் நூறு ஆண்டுகளாகப் பழகிய நல்ல முறை ஒன்று இருக்கிறது. எழுதுகிற எங்களில் சிலர் வேலைக்காக அந்த ஊர்களில் குடும்பத்தோடு வாழ்ந்து, ஊர் விழாக்களில் மேசை தூக்கியும் வழி மறித்தும் உழைத்தவர்கள். சிலர் ராணுவப் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள்.

அங்கே நவம்பர் மாதத்து இரண்டாவது ஞாயிறு நினைவு ஞாயிறு. முதல் உலகப் போர் 1918 நவம்பர் 11 காலை பதினோரு மணிக்கு நின்றது. மறு ஆண்டு அதே நாளில், அதே நேரத்தில் இரண்டு நிமிட மௌனம் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பொது நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியது. ஐயாயிரம், பத்தாயிரம் பேர் வாழும் ஊரிலும் கடைத்தெருவிலோ தேவாலய வாசலிலோ ஒரு கல் தூண் நிற்கும். அதில் அந்த ஊர்ப் பையன்களின் பெயர்கள். போரில் இறந்தவர்களின் உடலை ஊருக்குக் கொண்டுவருவதில்லை என்று அன்றைய பிரிட்டிஷ் அரசு முடிவெடுத்ததால், பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டாருக்குப் போய் நிற்க ஒரு கல்லறை இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் ஊர்தோறும் பணம் திரட்டித் தூண் எழுப்பினார்கள். பெரும்பாலான தூண்களில் பெயர்கள் அகரவரிசையில் இருக்கும். அதிகாரி மேலே, சிப்பாய் கீழே என்பது கிடையாது. இந்த ஒரு ஏற்பாடே எத்தனையோ சண்டையைத் தவிர்த்துவிடுகிறது.

அன்றைய காலை நடைமுறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அதில்தான் இருக்கிறது. ஊர்வலம் கிளம்பும் நேரத்தைப் பதினோரு மணியிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுவார்கள். பத்து ஐம்பதுக்கு எல்லோரும் தூணைச் சுற்றித் தத்தம் இடத்தில் நின்றிருக்க வேண்டும். எழுநூறு அடி நடைக்குக் கால் மணி நேரம் ஒதுக்குவார்கள். முதியவர்களும் சக்கர நாற்காலிக்காரர்களும் முன்னால் போவதால் ஊர்வலத்தின் வேகம் அவர்கள் வேகம்தான். முன்னாள் படைவீரர் சங்கத்தின் கொடி தாங்கிகள், ஊர் மேயர், தீயணைப்புப் படை, ஆம்புலன்ஸ், சாரணர், பள்ளிப் பிள்ளைகள் என்ற வரிசை முன்கூட்டியே ஒரு தாளில் அச்சாகி அவரவர் கையில் இருக்கும். பதினோரு மணிக்குச் சற்று முன்பு பியூகிளில் ‘லாஸ்ட் போஸ்ட்’ என்ற அஞ்சலி இசை ஒலிக்கும், கொடிகள் தாழும். அந்த இசை ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக ஓடும் என்பதால் ஊதுகிறவர் எப்போது தொடங்க வேண்டும் என்பதைக் கடிகாரத்தோடு ஒருவர் பக்கத்தில் நின்று சொல்வார். அது முடிந்ததும் மணி பதினொன்று. கொடிகள் தாழும். இரண்டு நிமிடம். பிறகு ‘ரெவெய்லி’ என்ற துயிலெழுப்பும் இசை ஒலிக்கும், கொடிகள் நிமிரும். பெயர்களை வாசிப்பார்கள், மலர் வளையங்களை வைப்பார்கள், கலைந்துபோய்த் தேநீர் குடிப்பார்கள்.

நம் நாட்டோடு இதற்கு ஒரு தொடர்பும் உண்டு. மௌனத்துக்குப் பிறகு அந்தச் சிற்றூர்களில் வழக்கமாக வாசிக்கப்படும் சில வரிகள் நாகாலாந்தின் கோஹிமாவில், 1944-இல் அங்கே விழுந்த பிரிட்டிஷ் வீரர்களுக்கான நினைவுக் கல்லில் பொறிக்கப்பட்டவை. கோஹிமாவைக் கண்ணால் காணாத ஓர் ஊர் அந்தக் கல்லின் வரிகளை ஆண்டுதோறும் வாயால் சொல்கிறது.

நம் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். 1780-இல் தொடங்கிய மெட்ராஸ் சாப்பர்ஸ் படையின் தலைமையிடம் அல்சூர் ஏரிக்கரையில் இருக்கிறது. இங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அந்தப் படையின் வீரரைத் ‘தம்பி’ என்றே ராணுவம் முழுவதும் அழைக்கும். பிரிகேட் ரோடு, ரெசிடென்ஸி ரோடு முனையில் முதல் உலகப் போரில் உயிர்விட்ட மெட்ராஸ் பயனியர் படையினருக்கான தூண் நிற்கிறது. அதைச் சுற்றி நாள் முழுக்க வண்டி ஓடுகிறது, நின்று படிப்பவர் அரிது. சாப்பர்ஸ் படையின் சுபேதார் சுப்பிரமணியம் 1944-இல் இத்தாலியில் கண்ணிவெடி மேல் தானே விழுந்து கூட இருந்தவர்களைக் காப்பாற்றி இறந்தார். பிரிட்டனின் உயரிய வீர விருதான ஜார்ஜ் கிராஸ் பெற்ற தமிழர் அவர். அவர் பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்? 1962, 1965, 1971, கார்கில் என்று பிறகு வந்த ஒவ்வொரு போரிலும், போர் இல்லாத காலத்துக் காவல் பணியிலும் பெங்களூரு தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளை இழந்திருக்கின்றன. அந்த வீடுகள் நம் தெருக்களில்தான் இருக்கின்றன.

ஜனவரி 30 அன்று காலை பதினோரு மணிக்கு நாடெங்கும் இரண்டு நிமிடம் மௌனம் காக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சகம் சொல்லியிருக்கிறது. சைரன் உள்ள இடங்களில் 10.59-க்குத் தொடங்கி 11 மணி வரை ஒலிக்கும். மௌனம் முடிந்ததும் 11.02 முதல் 11.03 வரை மீண்டும் ஒலிக்கும். காந்தியடிகள் 1948-இல் சுடப்பட்ட நாள் அது. விடுதலைக்காக உயிர்விட்ட எல்லோருக்குமான நாளாக அது அனுசரிக்கப்படுகிறது. இங்கிலாந்தில் நடப்பதும் இதே பதினோரு மணி, இதே இரண்டு நிமிடம். அங்கே அது ஊர் முழுக்க நிற்கிறது, இங்கே அலுவலக மாடிப்படியில் நிற்கிறது. சைரன் ஒலி தெருவுக்கு எட்டாததும், தெருவில் அதை முன்னின்று நடத்த ஆள் இல்லாததும்தான் காரணம்.

ஆகவே தெருச் சங்கங்கள் இப்படிச் செய்யலாம். இடம் ஒன்று, நிலையாக: கொடிக் கம்பம் இருக்கும் முனை போதும். பத்து நாள் முன்பே கடைக்காரர்கள், ஆட்டோ நிறுத்தம், பள்ளி, கோயில், மசூதி, தேவாலயம் ஆகியவற்றுக்கு நேரில் போய்ச் சொல்ல வேண்டும். துண்டுச் சீட்டு ஒட்டினால் பலன் இல்லை. ஆட்டோ நிறுத்தத்தில் ஒருவர் ஒப்புக்கொண்டால் பத்து வண்டி என்ஜின் அணைந்துவிடும். ஒலிபெருக்கியை நம்பாமல் பள்ளிக்கூட வெண்கல மணி ஒன்றை ஏற்பாடு செய்யுங்கள். தொடங்க ஒரு அடி, முடிக்க இரண்டு அடி. முடிவுக்கான அடையாளத்தை முன்பே சொல்லிவிட வேண்டும். மௌனம் கெட்டுப்போவது பெரும்பாலும் அதன் முடிவில்தான். எப்போது முடிந்தது என்று தெரியாமல் ஒருவர் இருமி, மற்றவர் நகர்ந்து, மூன்றாமவர் கோஷம் போட்டு விடுகிறார். இன்னொரு தவறு, நேரத்தை மனத்தால் கணக்கிடுவது. மைக் பிடித்தவருக்கு நாற்பது வினாடியே இரண்டு நிமிடமாகத் தோன்றும். கடிகாரம் பார்க்கும் வேலையை வேறு ஒருவரிடம் கொடுங்கள், அவர் வேறு எதையும் செய்யக் கூடாது. போன் கடிகாரத்தையே எல்லோரும் வைத்துக்கொள்ளட்டும், சுவர்க் கடிகாரம் வேண்டாம். ஆம்ப்ளிஃபயரை மௌனத்துக்கு முன் அணைத்துவிட வேண்டும். அதன் உறுமல் சாதாரண நேரத்தில் காதில் விழாது, மௌனத்தில் அது மட்டுமே கேட்கும்.

பியூகிள் தெரிந்த முன்னாள் சாப்பர் ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. குளிரில் பித்தளை ஜில்லென்று இருக்கும்போது சுருதி இறங்கும், முதல் ஸ்வரம் பிசிறும். பத்து நிமிடம் முன்பே தள்ளி நின்று ஊதிப் பழக இடம் கொடுங்கள்.

பெயர் வாசிப்புதான் மிகவும் கவனம் வேண்டிய வேலை. முதலில் தெருவில் விசாரித்து, பிறகு மாவட்டத்தின் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சரிபார்த்து, குடும்பத்தாரின் சம்மதம் வாங்கி ஒரு நோட்டில் எழுத வேண்டும். பெயர், படைப்பிரிவு, ஆண்டு, இறந்த இடம் என்ற நான்கும் போதும். தமிழிலும் கன்னடத்திலும் எழுதி, வீட்டாரிடம் காட்டி எழுத்துப் பிழை திருத்த வேண்டும். பெற்ற தாய் முன்னால் மகன் பெயரைத் தவறாக வாசிப்பதைவிட வாசிக்காமலே இருக்கலாம். இங்கிலாந்தில் வாசிக்கும் மாணவர்கள் முதல் நாளே தூணுக்கு முன் நின்று ஒத்திகை பார்ப்பார்கள். அவர்களுக்குச் சொல்லப்படுவது ஒன்றே ஒன்று: ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் இடையில் ஒரு மூச்சு விட வேண்டும். அகரவரிசை அவசியம். சாதி, பதவி, கட்சி, எந்தத் தெருவின் எந்த முனை என்ற பேச்சுக்கு அதில் இடம் கிடையாது. முன்வரிசை நாற்காலி அந்தக் குடும்பத்தாருக்கு. எம்.எல்.ஏ. வந்தாலும் இரண்டாம் வரிசைதான், இதில் எங்களுக்குத் தயக்கமே இல்லை. மாலை, சால்வை, நினைவுப் பரிசு எதுவும் வேண்டாம். அந்தத் தூண்களுக்கு முன்னால் மேயர் மலர் வளையம் வைத்துத் தலை தாழ்த்திப் பின்னே வருவார், பேச மாட்டார். நம் ஊரில் கொடியேற்ற நாளில் ஐந்து பேர் பேசி முடிப்பதற்குள் வெயிலில் நிற்கும் பிள்ளைகள் மயங்கி விழுகிறார்கள். பேச்சு ஒன்று, ஐந்து நிமிடம், அதற்குமேல் எவருக்கும் மைக் கிடையாது என்று சங்கம் தீர்மானம் போட்டு எழுதி வைக்க வேண்டும்.

இனி டிசம்பர் 7. கொடி நாள் 1949 முதல் நடக்கிறது. சிவப்பு, கருநீலம், வெளிர்நீலம் என்ற மூன்று நிறச் சிறு கொடிகளைக் கொடுத்து, போரில் கை கால் இழந்தவர்களுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் முன்னாள் வீரர்களுக்கும் நிதி திரட்டும் நாள். இங்கிலாந்தில் 1921-இல் தொடங்கிய, சட்டையில் குத்திக்கொள்ளும் சிவப்புப் பாப்பிப் பூ இதே வேலையைச் செய்கிறது. அக்டோபர் கடைசியிலிருந்து சட்டைக் காலரில் அது இல்லாத ஆளைச் சிற்றூர்த் தெருவில் பார்ப்பது கடினம். ஒரே நாளில் ஒரு பெட்டியை நீட்டிவிட்டுப் போகாமல், இரண்டு வாரம், ஒவ்வொரு கடைக் கல்லாவிலும், ரயில் நிலைய வாசலிலும், பள்ளியிலும் அதை வைத்திருப்பதால்தான் அது பரவுகிறது. விலை கிடையாது, பெட்டியில் விரும்பியதைப் போடலாம்.

அந்தப் பெட்டி பற்றி ஒரு வார்த்தை. ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும், மூடி மேல் காகிதச் சீல் ஒட்டியிருக்கும். கொடுத்த நாளும் வாங்கிய ஆளும் ஒரு பேரேட்டில். திரும்பி வந்ததும் இரண்டு பேர் சேர்ந்துதான் உடைத்து எண்ணுவார்கள், இருவரும் கையெழுத்திடுவார்கள். நம் தெருக்களில் வசூல் என்றாலே ஒரு சந்தேகம் எழுவதற்குக் காரணம் பணம் காணாமல் போவது மட்டுமல்ல, கணக்கு ஒருவர் மனத்திலேயே இருந்துவிடுவது. இப்போது புதிதாக ஒரு சிக்கல்: தன்னார்வலர் தன் சொந்தக் கியூ.ஆர். கோடைக் காட்டி வாங்குகிறார். நல்லெண்ணத்தோடுதான். ஆனால் அவர் வீட்டுப் பால் கணக்கும் கொடி நாள் பணமும் ஒன்றாகிவிடுகின்றன, பிறகு பிரிக்க முடிவதில்லை. அதைத் தவிர்க்க, கொடிகளை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலிருந்தே எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள், நாமாக அச்சடிக்க வேண்டாம். இணையத்தில் செலுத்த விரும்புகிறவர்களை கொடி நாள் நிதியின் கணக்குக்கே நேராகச் செலுத்தச் சொல்லுங்கள். கையில் வந்த ரொக்கத்தை ஒரு வாரத்துக்குள் கட்டி, ரசீதின் நகலைக் கோயில் பலகையிலும் ஆட்டோ நிறுத்தத்திலும் ஒட்டுங்கள். நவம்பர் முதல் வாரமே கேட்டால்தான் கொடி வேண்டிய அளவு கிடைக்கும்.

கொடியேற்றத்துக்கும் சில சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் அதிலும் ஆண்டுதோறும் ஒரே பிழைதான் நடக்கிறது. இருபது அடிக் கம்பத்துக்கு 1350 க்கு 900 மில்லிமீட்டர் அளவு கொடி பொருத்தம். நீளம் மூன்று பங்கு, உயரம் இரண்டு பங்கு என்ற விகிதம் மாறக் கூடாது. 2002-ஆம் ஆண்டுக் கொடி விதிகள் 2021 டிசம்பரில் திருத்தப்பட்டதால் பாலியஸ்டர் கொடியும் இயந்திரத்தில் நெய்த கொடியும் இப்போது ஏற்கத்தக்கவை. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பிறகு பொதுமக்கள் இரவிலும் பறக்கவிடலாம். கிழிந்த கொடியும் நிறம் வெளுத்த கொடியும் எப்போதும் கூடாது.

பூ வைத்துக் கட்டி மேலே ஏற்றி இழுத்து விரிக்கும் முறையில் கொடி விரியாமல் நின்றுபோவதைப் பார்க்காத பெங்களூரு தெரு இருக்காது. கயிறு பழுதாக இருப்பதாகச் சொல்வார்கள். பெரும்பாலும் முடிச்சுதான் பிழை. கொடியை நீளவாக்கில் இரண்டு மடிப்பு மடித்து, பறக்கும் ஓரத்திலிருந்து கம்பத்து ஓரம் நோக்கிச் சுருட்ட வேண்டும். காவிப் பக்கத்துக் கட்டை மேலே வருகிறதா என்று அப்போதே பார்க்க வேண்டும், தலைகீழாகப் பறப்பதெல்லாம் இந்த இடத்தில் கவனிக்காததால்தான். கீழ்க்கயிற்றை அந்தச் சுருளைச் சுற்றி இரண்டு சுற்று மட்டும் சுற்றி, கயிற்றின் ஒரு மடிப்பை மட்டும் அந்தச் சுற்றுக்குள் செருக வேண்டும். நுனியை முழுவதும் உள்ளே இழுத்துவிட்டால் அது உருவு முடிச்சாக இருக்காது, இறுகு முடிச்சாகிவிடும். நான்கைந்து சுற்று சுற்றினாலும் அதே கதி. பருத்திக் கயிறு இரவுப் பனியில் நனைந்தால் ஊதி இறுகும், அதனால் முதல் நாள் இரவே கட்டி மேலே ஏற்றி வைக்காதீர்கள். நைலான் கயிறு நல்லது. பூ இதழ் ஒரு கைப்பிடி போதும், அதுவும் உலர்ந்தது. ஈரச் சாமந்தி துணியில் கறை ஏற்றி ஒட்டிக்கொள்ளும். கப்பிக்கு முந்தின வாரமே இரண்டு சொட்டு எண்ணெய். காலையில் ஒரு முறை வெறும் துணியைக் கட்டி இழுத்துப் பார்த்துவிட்டால் பதைபதைப்பு இல்லை. ஏற்றும்போது விறுவிறுவென்று ஏற்ற வேண்டும், இறக்கும்போது மெதுவாக. தேசியக் கொடிக்கு மேலாகவோ ஒட்டிப் பக்கத்திலோ வேறு கொடியோ தோரணமோ வரக் கூடாது. பழுதான கொடியைக் குப்பையில் போடாமல் தனியிடத்தில் மரியாதையாக எரிக்க வேண்டும். பிள்ளைகள் கையில் கொடுத்த காகிதக் கொடிகளை மாலைக்குள் திரும்பச் சேகரிக்க நான்கு பிள்ளைகளுக்கே பொறுப்புக் கொடுங்கள், அவர்கள் பெரியவர்களைவிட நன்றாகச் செய்கிறார்கள்.

தெருவை மறிப்பது பற்றி. இங்கிலாந்தில் விழாவுக்காகத் தெருவை மூட இன்றும் பல ஊர்களில் 1847-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் கீழ்தான் அனுமதி தருகிறார்கள். நான்கு முதல் பன்னிரண்டு வாரம் முன்பே விண்ணப்பிக்க வேண்டும், தெருவில் உள்ள எல்லா வீட்டுக்கும் தகவல் சொல்லியிருக்க வேண்டும். தெருக்காரர்கள் தங்களுக்குள் இலவசமாகக் கூடி உண்பதற்குத் தனி உரிமம் வேண்டியதில்லை. மது விற்றால்தான் வேண்டும். எலிசபெத் அரசியின் பிளாட்டின விழா 2022 ஜூன் 2 முதல் 5 வரை நடந்தபோதும், 2023 மே 6-இல் மூன்றாம் சார்லஸ் முடிசூடிய மறுநாளும் ஆயிரக்கணக்கான தெருக்கள் இப்படித்தான் மேசை போட்டன. மேசைகள் இரண்டு ஓரத்திலும், நடுவில் தீயணைப்பு வண்டி போக நான்கு மீட்டர் அளவு வழி. நம்மவர்கள் நடுத்தெருவில் பந்தல் கால் நடுகிறோம், ஆம்புலன்ஸ் வந்தால் என்ன செய்வோம் என்று யோசிப்பதில்லை. பந்தலே வேண்டாம் என்பது எங்கள் கருத்து. காலை நேர நிகழ்ச்சிக்குக் கட்டட நிழல் போதும். போக்குவரத்துக் காவல் துறைக்கும் உள்ளூர்க் காவல் நிலையத்துக்கும் ஒரு மாதம் முன்பே எழுதுங்கள். ஒலிபெருக்கிக்குத் தனி அனுமதி. இரவு பத்து முதல் காலை ஆறு வரை கூடவே கூடாது. குடியிருப்புப் பகுதியில் பகல் வரம்பு 55 டெசிபல், அதாவது சத்தமாகப் பேசும் அளவைவிடக் குறைவு. நவம்பர் 1 இரவு ஆர்கெஸ்ட்ராக்கள் இதை எப்படி மீறுகின்றன என்பது முதியோர் உள்ள வீடுகளுக்குத் தெரியும்.

ராஜ்யோத்சவத்தில் தமிழர்கள் ஓரமாக நிற்பதும் மாற வேண்டும். கர்நாடகத்தின் மாநிலப் பாடலான ‘நாடகீதை’யைப் பள்ளியில் படித்த நம் பிள்ளைகள் மனப்பாடமாகப் பாடுகிறார்கள். பெற்றோர் உதட்டை அசைக்கிறார்கள். இரண்டரை நிமிடம் ஓடும் அந்தப் பாட்டைத் தமிழ் எழுத்தில் அச்சடித்து முந்தின வாரமே வீட்டுக்கு ஒரு தாள் கொடுத்தால் தெரு முழுக்கப் பாடும். அல்சூர் ஏரிக்கரையில் பதினெட்டு ஆண்டு மூடிக்கிடந்த திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டதும், அதே வாரம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டதும் இரண்டு மொழியாரும் சேர்ந்து கொண்டாடிய பொதுநாட்கள்தானே.

மின்சாரமும் காப்பியும் சிறு விஷயம்தான், ஆனால் நிகழ்ச்சியைக் கெடுப்பது அவைதான். அங்கே தேநீர்க் கொதிகலன் ஒவ்வொன்றும் மூன்று கிலோவாட். ஒரே எக்ஸ்டென்ஷனில் இரண்டைச் செருகினால் ஃபியூஸ் போகும், அதோடு மைக்கும் போகும். இங்கேயும் ஒரு வீட்டு மாடியிலிருந்து இழுத்த ஒரே வயரில் ஸ்பீக்கரையும் மின்னடுப்பையும் போடுகிறோம். காப்பியைக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொள்ளுங்கள். நூறு பேருக்கு நூறு மில்லி வீதம் ஏழு லிட்டர் பால், மூன்று லிட்டர் டிகாக்‌ஷன், அதற்கு அறுநூறு எழுநூறு கிராம் தூள். டிகாக்‌ஷனை விடியற்காலையே இறக்கிவிட வேண்டும், பெரிய ஃபில்டர் சொட்டி முடிய நேரமாகும். எவர்சில்வர் டம்ளரை அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவரச் சொன்னால் குப்பையும் இல்லை.

இதையெல்லாம் நடத்துவது யார் என்ற கேள்வி வரும். அங்கே சிற்றூருக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு மன்றம், ஆண்டுக்கு ஒருவர் என மாறும் மேயர், சம்பளம் வாங்கும் ஒரு கிளார்க். வேலையைத் தாங்குவது அந்தக் கிளார்க்கின் கோப்புதான். 2022 செப்டம்பர் 8-இல் அரசி இறந்தபோது, 10-ஆம் தேதி பதினோரு மணிக்கு அரைக்கம்பத்திலிருந்து கொடியை முழுதாக ஏற்றி, 11-ஆம் தேதி பகல் ஒரு மணிக்கு மீண்டும் தாழ்த்த வேண்டியிருந்தது. புதிய அரசரின் அறிவிப்பை அதே 11-ஆம் தேதி ஊர் ஊராக மேயர்கள் சந்தையிலும் மன்ற வாசலிலும் நின்று வாசித்தார்கள். சனி ஞாயிறில், சாவி யாரிடம், வாசிக்க வேண்டிய தாள் எங்கே, இரங்கல் புத்தகம் எந்த மேசையில் என்பது முன்பே எழுதி வைத்திருந்ததால் அது தடுமாறாமல் நடந்தது. பெங்களூருவில் 2011 கணக்கெடுப்பின்படி ஒரு வார்டில் சராசரியாக நாற்பதாயிரத்துக்கு மேல் மக்கள். அங்கே ஒரு முழு ஊரைவிடப் பெரியது. ஆனால் மாமன்றத்தின் காலம் 2020 செப்டம்பரில் முடிந்த பிறகு ஆண்டுக்கணக்கில் கவுன்சிலரே இல்லாமல் ஓட்டினோம். ஒரே மாநகராட்சியாக இருந்தது 2025-இல் ஐந்தாகப் பிரிந்தது. ஆகவே தெருவுக்கு ஒரு கோப்பு, அதை வைத்திருக்க ஒருவர், அவர் இல்லாவிட்டால் இரண்டாமவர் என்று நாமே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டியதுதான். கோப்பில் அனுமதிக் கடிதங்களின் நகல், பெயர் நோட்டு, கம்பத்துச் சாவி யாரிடம் என்ற குறிப்பு, மணி, கொடி, கயிறு இருக்கும் இடம், ஒவ்வோர் ஆண்டும் எது பிசகியது என்று அன்று மாலையே எழுதிய ஒரு பக்கம் ஆகியவை இருக்க வேண்டும். அந்தக் கடைசிப் பக்கத்தை மறுநாளுக்குத் தள்ளினால் எழுதவே மாட்டோம்.

சோமேஸ்வரர் கோயில் பூப்பல்லக்கு வரும் இரவில் எந்தப் பல்லக்கு முன்னே, யார் தோள் கொடுப்பது, எந்த முனையில் நிறுத்துவது என்பதில் அல்சூருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதே ஆட்கள், அதே ஒழுங்கு கைவசம் இருக்கிறது.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். ஜனவரி 29 இதழின் முதல் பக்கத்தில் சிறு கட்டம் ஒன்று போட்டு, மறுநாள் 11.00-க்கு மௌனம் தொடக்கம், 11.02-க்கு முடிவு என்று அச்சிடுங்கள். நவம்பர் முதல் வாரத்தில், கொடி நாள் கொடிகளை எங்கே எப்படிக் கேட்டு வாங்குவது என்ற விவரத்தையும் மாவட்ட அலுவலகத்தில் விசாரித்து வெளியிடுங்கள். அதைக் கத்தரித்து எங்கள் தெருப் பலகையில் ஒட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அல்சூர் வட்டாரத் தமிழ்க் குடியிருப்பாளர்கள் சிலர்,
பெங்களூரு